தண்ணீர்த்தொட்டி, எட்டு ஆறு

பதினேழாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவர்களில் அவருக்கு மட்டும் கடிகாரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் டெப்போ பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது, அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை. இருபத்தாறு வருடமாக அதே தடம், அதே ஐந்தாம் வண்டி. காலை ஏழு நாற்பதுக்கு ரயிலடியில் எடுத்தால் எட்டு ஆறுக்குத் தண்ணீர்த்தொட்டி, எட்டு இருபதுக்குப் பாலம், எட்டு முப்பத்திரண்டுக்கு மில் கேட். நடுவில் வானமே இடிந்து விழுந்தாலும் அரை நிமிடம் முன்னே பின்னே ஆகும், அவ்வளவுதான். வழியில் இருக்கிற சலூன்காரர் அவர் வண்டி போவதைப் பார்த்துத்தான் கடை திறப்பாராம். இதைச் சொன்னது அவருடைய கண்டக்டர். கண்டக்டர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும். அவனுக்குப் பெயர் ரேடியோ.

நேரத்துக்கு ஓட்டுவதை அவர் பெருமைக்காகச் செய்யவில்லை. புதிதாக வந்த டிரைவர் யாராவது மாட்டினால் டீ ஆறிப்போகும் வரை விளக்குவார்.

"ஒம்பது நிமிஷத்துக்கு ஒரு வண்டி. நீ ரெண்டு நிமிஷம் லேட்டா போறேன்னு வை. அந்த ரெண்டு நிமிஷத்துல ஸ்டாப்புக்கு இன்னும் நாலு பேர் வந்துடுவான். நாலு பேர் ஏறணும்ல, அதுக்கு நேரம் ஆகும். அடுத்த ஸ்டாப்புக்கு மூணு நிமிஷம் லேட்டு. அங்க ஆறு பேர் கூட. இப்படியே போனா உன் வண்டி ஊதிப்போயிடும். பின்னாடி வர்றவனுக்கு ஏத்த ஆளே இருக்காது. அவன் விர்ருன்னு வந்து உன் முதுகுல ஒட்டிக்குவான். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ஊர்வலம் போக வேண்டியதுதான்."

டெப்போ மேல்மாடியில் உட்கார்ந்திருப்பவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் காகிதத்தில் காலை வேளையில் வண்டிக்குச் சராசரி ஐம்பது பேர், எல்லோருக்கும் சௌகரியம். அந்தச் சராசரி வண்டியில் ஏறியவர் யாரய்யா? ஒரு வண்டியில் தொண்ணூறு பேர், ஒட்டிக்கொண்டு வருகிற அடுத்த வண்டியில் பத்துப் பேர் என்றால் நசுங்கிப் போனவர்கள் தொண்ணூறு பேர், காலை நீட்டிப் போனவர்கள் பத்தே பேர். ஊரில் யாரைக் கேட்டாலும் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை என்றுதான் சொல்வார்கள். மேல்மாடி மட்டும் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லும்.

கடிகாரத்தின் வீட்டில், சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஐந்தாம் வண்டியின் நேர அட்டை ஒட்டியிருந்தது. ஒரே மகள். அவள் மணி பார்க்கக் கற்றுக்கொண்டது அந்த அட்டையில்தான். அடுப்பைப் பார்த்தபடியே அவர் மனைவி கேட்பாள், "அப்பா இப்ப எங்க?" வாண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கும், ஸ்டூல் மேல் ஏறி அட்டையைப் பார்க்கும், "பாலம்!" என்று கத்தும். கொஞ்ச நாளில் அட்டை வேண்டியிருக்கவில்லை, எல்லாம் மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, "கையெழுத்துப் போட உங்கப்பா எங்க?" என்று கேட்டதற்கு, மணியைப் பார்த்துவிட்டு, "இப்பதான் தண்ணித்தொட்டி தாண்டியிருப்பார் டீச்சர்" என்றதாம். அதைச் சொல்லிச் சொல்லி அவர் மனைவி சிரிப்பாள். சிரித்தால் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று நாள் ஆகியிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதனால்தான் அவரும் டூட்டிக்கு வந்தார். அப்போது டைம் கீப்பரின் அறை பாலத்தில் இருந்தது. எட்டு இருபதுக்கு வண்டி பாலத்துக்கு வந்தபோது டைம் கீப்பர் குறுக்கே வந்து கையைக் காட்டினார்.

"உன் பொண்ணு போன் பண்ணுச்சுய்யா. உடனே வரச் சொல்லுது."

ஆஸ்பத்திரி பாலத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு. நடந்தே போய்விடலாம். கடிகாரம் உள்கண்ணாடியைப் பார்த்தார். மில் ஷிப்டுக்குப் போகிறவர்கள், படி வரைக்கும் கூட்டம்.

"டிரிப்ப முடிச்சிட்டு வந்துடறேன். பன்னெண்டு நிமிஷம்தானே" என்றார்.

மில் கேட்டில் வண்டியை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் வந்த வண்டியில் தொற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரி மாடியேறியபோது அரை மணி ஆகிவிட்டது. மகள் வராந்தாவில் நின்றிருந்தாள். அழவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மா ரெண்டு வாட்டி கேட்டாங்க, அப்பா இப்ப எங்கன்னு. நான் சொல்லிக்கிட்டே இருந்தேன், பாலத்துல இருக்காரு, இதோ வந்துடுவாருன்னு."

அவர் வாயில் தப்பான பேச்சுதான் வந்தது. "வண்டில எம்பத்தி நாலு பேரும்மா."

"அவங்களுக்கு ஒம்பது நிமிஷத்துல அடுத்த பஸ் வந்திருக்கும்ப்பா" என்றாள். "அம்மாவுக்கு?"

அவ்வளவுதான். ஒன்பது நிமிடத்தில் அடுத்த பஸ் வரும் என்பதை அந்தத் தடத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு மகள் புருஷன் வீட்டுக்குப் போனாள். அவர் போன் செய்தால் மருமகன் எடுப்பார், "நல்லா இருக்கா மாமா, கொஞ்ச நாள் போகட்டும்" என்பார். நாட்கள் போயின. எதற்குப் போயின என்றுதான் தெரியவில்லை.

ஒருநாள் மில் கேட்டில் டீ குடிக்கும்போது ரேடியோ நெளிந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"விசிலைத் தொலைச்சிட்டியா?"

"அதில்லண்ணே. உங்க பொண்ணு தண்ணித்தொட்டிப் பக்கம் குடி வந்திருக்காம். ரெண்டு மாசமாச்சாம். மணிக்கூண்டு எதிர்ல மூக்குக்கண்ணாடிக் கடையில வேலையாம். தினமும் காலைல ஆறாம் வண்டிலதான் ஏறுதாம். அந்த வண்டிக் கண்டக்டரம்மா சொன்னாங்க."

கடிகாரம் டம்ளரைக் கீழே வைத்தார். ஆறாம் வண்டி என்றால் அவருக்குப் பின்னால் வருகிற வண்டி.

"இன்னும் ஒண்ணுண்ணே. உண்டாயிருக்குதாம். அஞ்சு மாசம். அந்தக் கூட்டத்துல கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னே வருதாம். பாக்கப் பாவமா இருக்குன்னாங்க."

தாத்தா ஆகப் போகும் செய்தி ஒரு மனிதருக்கு எப்படியெல்லாமோ வரலாம். இவருக்கு ரேடியோவில் வந்தது. சந்தோஷப்படுவதா, அதை மூன்றாம் மனிதர் வாயால் கேட்கிறோமே என்று அழுவதா என்று தெரியாமல் அந்த டீயை அப்படியே விட்டுவிட்டுப் போய் வண்டியில் உட்கார்ந்தார்.

தினமும் எட்டு ஆறுக்கு அவள் வீட்டு நிறுத்தத்தைத் தாண்டிப் போகிறார். இரண்டு மாதத்தில் ஒருநாள்கூட அவள் கண்ணில் படவில்லை. ஏன் படவில்லை என்பது ஸ்டியரிங்கைப் பிடித்ததும் புரிந்துவிட்டது. எட்டு ஆறுக்கு அப்பா போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும். எட்டு எட்டுக்கு வீட்டைவிட்டு இறங்கினால் போதும், அப்பா முகத்தில் விழிக்க வேண்டாம். வேறு எந்த டிரைவரின் மகளாலும் இப்படி நம்பி ஒதுங்க முடியாது. அவர் நேரம் தவறாமல் ஓட்டியதே அவளுக்கு ஒளிந்துகொள்ள வசதியாகப் போய்விட்டது.

ஆனால் அவரைத் தவிர்க்க வேண்டுமென்றால், தினமும் காலையில் செருப்பை மாட்டும்போது 'அப்பா இப்ப எங்க' என்று அவள் நினைத்தே ஆக வேண்டும். அவர் பங்குக்கு அந்த ஒரு நினைப்புதான் கிடைத்தது. அதையே வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினார்.

அடுத்த வாரம் மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. தரையில் பதிக்கும் கல்லை இறக்குகிறார்களாம், ஒவ்வொன்றாகக் குழந்தையை இறக்குகிற மாதிரி இறக்கினார்கள். ஐந்து நிமிடம் போய்விட்டது. பிறகு அவரே சொல்வதுபோல வண்டி ஊதிப்போனது. தண்ணீர்த்தொட்டிக்கு வந்தபோது எட்டு பதின்மூன்று, உள்ளே ஈ நுழைய இடமில்லை, ஆறாம் வண்டி முதுகில் ஒட்டிக்கொண்டு வந்து நின்றது.

நிறுத்தத்தில் இருந்த கூட்டம் முழுக்க இவர் வண்டிப் படியில் பாய்ந்தது. "பின்னாடி காலியா வருதுங்க, அதுல வாங்க!" என்று ரேடியோ தொண்டை கிழியக் கத்தினான். கண்டக்டர் சொல்லும் அந்த வார்த்தையை நம்பிய ஆள் இதுவரை பிறக்கவில்லை.

ஒரே ஒருத்தி நம்பினாள். ஓரக் கண்ணாடியில் தெரிந்தாள். கூட்டத்தைவிட்டு விலகி, தொட்டியின் தூணோரம், இவர் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோளில் நீலக் கைப்பை. ஆறாம் வண்டி வந்ததும் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு திரும்பினாள், படியில் ஒரு காலை வைத்தாள், நின்றாள், இன்னொரு காலை வைத்தாள். அவளுடைய அம்மாவும் அந்த மாதங்களில் அப்படித்தான் படியேறினாள். அரை நிமிடம் இருக்கும். ரேடியோ இரண்டு முறை விசில் கொடுத்தும் வண்டி நகரவில்லை.

மத்தியானம் ரேடியோ சேதி கொண்டுவந்தான். "அண்ணே, இன்னைக்கு உங்க பொண்ணுக்கு ஜன்னலோரமா உக்கார இடம் கிடைச்சுதாம். அந்த வண்டியே காலியாம்."

எப்படிக் காலியாகாமல் இருக்கும்? அதில் ஏற வேண்டியவர்களையெல்லாம் இவர் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாரே.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். இருபத்தாறு வருடம் நேரத்துக்கு ஓட்டிய மனிதர் தாமதமாக ஓட்டப் பழகினார். அதுவும் கண்ட இடத்தில் வண்டியை ஓரங்கட்டுகிற தாமதம் இல்லை, பக்குவமான தாமதம். தெருமுனையில் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருகிறவருக்காக நின்றார். குடையை மறந்துவிட்டு இறங்கியவரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். சிக்னலில் மஞ்சள் விழுந்தால் நல்ல பிள்ளையாக நின்றார். தண்ணீர்த்தொட்டி வருவதற்குள் ஆறு நிமிடமாவது பின்தங்கிவிட வேண்டும், அப்போதுதான் ஆறாம் வண்டி காலியாக வந்து பின்னால் ஒட்டும். மகளுக்கு இடம் கிடைக்கும், அவருக்கு ஓரக் கண்ணாடியில் அரை நிமிடம் கிடைக்கும். தண்ணீர்த்தொட்டியைத் தாண்டியதும் விட்ட நேரத்தைப் பிடிக்க அடித்துப் பிடித்து ஓட்டுவார்.

"என்ன டிரைவர் சார், கடிகாரத்துக்குச் சாவி குடுக்கலையா?" என்று தினமும் வருகிறவர்கள் கிண்டல் செய்தார்கள். பிறகு கிண்டலை விட்டுவிட்டுத் திட்ட ஆரம்பித்தார்கள். கண்ணாடியில் ஒருநாள் அவள் பச்சை உடுத்தியிருந்தாள். ஒருநாள் தும்மினாள். ஒருநாள் கொட்டாவி விட்டாள், ராத்திரி சரியாகத் தூங்கவில்லையோ என்று அன்று பூராவும் அவருக்குக் கவலை. கண்ணாடியில் அவர் அவளைப் பார்க்கலாமே தவிர, அவள் அவரைப் பார்க்க வழியில்லை. ஆனாலும் தினமும் முகத்தை மழமழவென்று சவரம் செய்துகொண்டுதான் வந்தார். பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தெரியும். பதினான்கு மாதப் பசிக்கு அரை நிமிடம் எந்த மூலைக்கு? பார்க்கப் பார்க்கத்தான் ஏக்கம் கூடியது. ஒருநாளாவது இந்தப் பக்கம் திரும்ப மாட்டாளா என்று கழுத்து வலிக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

டைம் கீப்பரின் அறை இப்போது மில் கேட்டில் இருந்தது. அவரும் கடிகாரமும் ஒரே வருடம் வேலையில் சேர்ந்தவர்கள். எட்டு நிமிடத்துக்கு மேல் தாமதமானால் தாளில் சிவப்பு வட்டம் போட வேண்டும். ஒரே டிரைவருக்கு மூன்று வட்டம் விழுந்தால் தடம் மாற்றிவிடுவார்கள். ஐந்து வாரத்தில் கடிகாரத்துக்கு இரண்டு விழுந்துவிட்டது.

"என்னய்யா ஆச்சு உனக்கு? உன் வண்டில தொண்ணூறு பேர், பின்னாடி வண்டில பதினஞ்சு. தினமும் இதே கதை. நீதானே எல்லாருக்கும் பாடம் எடுப்பே? மேல என்னைக் கேக்கிறாங்க." தாளைத் திருப்பிக் காட்டினார். 'தாமதத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தில் கடிகாரம் எல்லா நாளும் ஒரே வார்த்தை எழுதியிருந்தார். கூட்டம். "உடம்பு சரியில்லையா? சொன்னாத்தானே தெரியும்?"

"கூட்டம்தான்" என்றார் கடிகாரம்.

"இன்னொரு வட்டம் விழுந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது. பாத்துக்கோ."

பயந்தார். தடம் மாறினால் அந்த அரை நிமிடமும் போய்விடும். ஆனாலும் மறுநாள் தண்ணீர்த்தொட்டிக்கு எட்டு பன்னிரண்டுக்குத்தான் போனார். விட முடியவில்லை.

விட வைத்தது அந்த வாரத்துச் சனிக்கிழமை. வண்டியில் தொண்ணூறுக்கும் மேலே. தண்ணீர்த்தொட்டிக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பின்வாசலில் ஒரே கூச்சல். ரேடியோ நீளமாக விசில் அடித்தான். வண்டியை ஓரங்கட்டினார். நிறைமாத வயிற்றோடு ஒரு பெண்ணை நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். அவள் நடைபாதையில் உட்கார்ந்து வாயில் எடுத்தாள், வேர்த்துக் கொட்டியது. கூட வந்த அம்மா புடவை முந்தானையால் அவளுக்கு விசிறியபடியே டிரைவர் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

"மனுசனாய்யா நீ? மூச்சுவிட இடமில்ல, இன்னும் ஏத்திக்கிட்டே இருக்கே! உம் பொண்ணா இருந்தா இப்படி அடைப்பியா?"

கோபத்தில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். இருபத்தாறு வருடத்தில் அவரே பல தடவை கேட்டிருக்கிறார், காதில் வாங்கியதில்லை. அன்று அது போய் விழ வேண்டிய இடத்தில் போய் விழுந்தது. ரேடியோ தண்ணீர் கொடுத்தான், அந்தப் பெண் தெளிந்தாள், ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். கடிகாரம் வண்டியை எடுத்தார். தண்ணீர்த்தொட்டியில் அவர் ஓரக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பயணிக்கு மயக்கம் என்று தாளில் எழுதியதால் அன்றைய தாமதத்துக்கு வட்டம் விழவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்தார். கூட்டம் எங்கேயும் காணாமல் போவதில்லை. ஒரு வண்டியில் குறைந்தால் இன்னொன்றில் ஏறும். தன் மகள் உட்காருவதற்காக இத்தனை நாள் யார் யார் மகளையோ நிற்க வைத்திருக்கிறார். அன்றைக்கு எண்பத்து நாலு பேருக்காக ஒருத்தியை விட்டார். இப்போது ஒருத்திக்காகத் தினமும் தொண்ணூறு பேரை நசுக்கினார். இரண்டுமே தப்பு. கதவுக்குப் பின்னால் இருந்த அட்டை ஓரமெல்லாம் மஞ்சளாகிப் போயிருந்தது. தண்ணீர்த்தொட்டி 8.06 என்ற இடத்தில் சின்ன விரல் தொட்டுத் தொட்டு ஏற்பட்ட அழுக்கு இன்னும் இருந்தது. திங்கட்கிழமை நேரத்துக்கு ஓட்டுவது என்று முடிவு செய்தார். அப்படி ஓட்டினால் மகள் நின்றுகொண்டுதான் வருவாள், அவள் முகத்தையும் பார்க்க முடியாது. தெரிந்தேதான் முடிவு செய்தார். பிறகு மேசைமேல் தலையை வைத்துக்கொண்டு, மனைவி போனதற்கும் சேர்த்து அழுதார்.

திங்கட்கிழமை ஏழு நாற்பதுக்கு எடுத்தார். ஓடிவந்தவரைப் பார்த்து அடுத்த வண்டியில் வரும்படி கை காட்டினார். மஞ்சளில் நுழைந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அளவாகத்தான் ஆள் ஏறியது, பாதிப் பேருக்கு உட்கார இடம் இருந்தது. "அப்பாடா, சாவி குடுத்துட்டாங்கப்பா!" என்று பின்னால் ஒரு குரல். தண்ணீர்த்தொட்டி வளைவில் திரும்பும்போது மணி எட்டு ஆறு. கண்ணாடியைப் பார்க்கக் கூடாது, நேராகப் பார்த்து ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தார்.

நேராகப் பார்த்த இடத்தில் அவள் நின்றிருந்தாள்.

தூணுக்குப் பின்னால் இல்லை. நிறுத்தத்தின் முன்னால், வண்டி வருகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. கையை நீட்டி வண்டியை நிறுத்தினாள். முன்வாசல் வழியாக ஏறினாள், ஒரு காலை வைத்து, நின்று, இன்னொரு காலை வைத்து. ரேடியோவுக்கு வாழ்க்கையில் முதல் முறையாகப் பேச்சு நின்றுவிட்டது. டிரைவருக்குப் பின்னால் இருந்தவரைத் தோளில் தட்டி எழுப்பிவிட்டு அந்த இடத்தைக் காட்டினான். அவள் உட்கார்ந்தாள்.

கடிகாரம் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார், "பின்னாடி வண்டி காலியா வரும்மா."

"வராதுப்பா" என்றாள். "இன்னைக்குதான் நீங்க டைமுக்கு வந்துட்டீங்களே."

அப்பா என்ற சத்தம் காதில் விழுந்து எத்தனை நாள் ஆயிற்று! இரண்டு தெரு தாண்டியதும் கேட்டார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அஞ்சு வாரமா எனக்கு ஜன்னலோர சீட்டு. முன்னாடி உங்க வண்டில படியில ஆள் தொங்குது. நீங்களாவது லேட்டா வர்றதாவது! எனக்குத் தெரியாதாப்பா? நான் வளந்ததே அந்த அட்டையப் பாத்துத்தானே." கைப்பையை மடியில் நகர்த்திக்கொண்டு, "ரெண்டு வட்டம் விழுந்திருக்காமே. ரேடியோ அண்ணன் கண்டக்டரம்மாகிட்ட சொல்லியிருக்காரு. ஒங்கள நிறுத்தி, இனிமே இப்படிப் பண்ணாதீங்கன்னு சொல்லலாம்னு ஏழே முக்காலுக்கே வந்து நின்னேன். நீங்க என்னடான்னா எட்டு ஆறுக்கு டாண்ணு வர்றீங்க."

ரேடியோ அவசர அவசரமாகப் பின்வாசலுக்குப் போய்விட்டான்.

பாலம் வந்தது. எட்டு இருபது. அந்தப் பழைய டைம் கீப்பர் அறை பூட்டிக் கிடந்தது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். பதினான்கு மாதமாக வாய்வரைக்கும் வந்து நின்றுபோன வார்த்தையை அந்த இடத்தில் சொன்னார்.

"அன்னைக்கு நிறுத்தியிருக்கணும்மா. இங்கயே நிறுத்திட்டு இறங்கி ஓடியிருக்கணும்."

உள்கண்ணாடியில் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. வண்டி போய்க்கொண்டே இருந்தது. பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒரு தடவை கேட்டது.

மணிக்கூண்டில் அவள் எழுந்தாள். கம்பியைப் பிடித்து, மெல்ல ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினாள். ரேடியோ விசிலை வாயில் வைத்தான். அப்போது கடிகாரம் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கியது. வண்டிக்குள் அத்தனை அமைதி வந்ததும் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவர் சீட்டைவிட்டு எழுந்து, பயணிகள் பக்கம் திரும்பி நின்றார். இத்தனை வருடத்தில் அவருடைய முகத்தை நேராகப் பார்த்தவர்களே அந்த வண்டியில் குறைவு.

"எம் பொண்ணக் கடை வரைக்கும் விட்டுட்டு வர்றேன். அவசரம்னா ஒம்பது நிமிஷத்துல அடுத்த வண்டி வந்துடும். மன்னிச்சுக்குங்க."

யாரோ முணுமுணுத்தார்கள். யாரோ "போயிட்டு வாங்க" என்றார்கள். அவர் இறங்கிவிட்டார்.

"எதுக்குப்பா இறங்கினீங்க?" என்றாள் மகள். "டைம் ஆகுது."

"ஆகட்டும்."

கையைப் பிடிக்கட்டுமா என்று அவர் தயங்கினார். அவள் கையைக் கொடுக்கவில்லை. தோளிலிருந்த நீலக் கைப்பையைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். ரோட்டைக் கடந்து, கடைகளின் வரிசையோரமாக, அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு போனார். இரண்டு இடத்தில் அவள் நின்று மூச்சு வாங்கினாள், அவரும் நின்றார். கண்ணாடிக் கடை வாசலில் பையை வாங்கிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவுதானே?"

"ஆமாம்மா."

"அந்த அட்டை இன்னும் அங்கயேதான் இருக்கா?"

"இருக்கு."

"ம்" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

அவர் திரும்பி வந்தபோது ஆறாம் வண்டி பின்னால் வந்து நின்றிருந்தது. பாதிப் பேர் அதில் மாறியிருந்தார்கள். ஐந்தாம் வண்டி மில் கேட்டுக்கு ஒன்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. டைம் கீப்பர் தாளை நீட்டினார். காரணம் என்ற கட்டத்தில் கடிகாரம் நிதானமாக எழுதினார்: 'மகளை இறக்கிவிட்டேன்.'

டைம் கீப்பர் அதை இரண்டு முறை படித்தார். அன்றைக்குப் பாலத்தில் குறுக்கே வந்து கை காட்டியவர் அவர்தானே. சிவப்புப் பேனாவை எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, வட்டத்தைப் போட்டார்.

"ஒண்ணாந்தேதிலேர்ந்து உனக்கு இருபத்திரெண்டாம் நம்பர். அது தண்ணித்தொட்டிப் பக்கமே போகாதுய்யா."

"தெரியும்" என்றார் கடிகாரம். "அதுக்கு நேர அட்டை இருக்கா?"

"இருக்கு."

"ரெண்டு குடுங்க."

"ஒருத்தனுக்கு எதுக்குய்யா ரெண்டு?"

"ஒண்ணு பொண்ணு வீட்டுக்கு" என்றார். "நான் இப்ப எங்க இருக்கேன்னு அவளுக்குத் தெரியணும்ல."